மாடி பார்க்காத கொடி

போன மாதம் ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் போயிருந்தேன். எங்கள் பழைய கடை மாடியில் நின்ற இரும்புக் கம்பத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்திருந்தார்கள். நல்ல காரியம்தான். துருப்பிடித்து, எப்போது யார் மண்டையில் விழுமோ என்று இருந்த கம்பம். கீழே இப்போது ஒரு கப்பல் ஏஜென்சி நடக்கிறது. நான் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, வாசலில் நின்ற இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"இன்னா பெருசு, தொட்டி லீக் ஆவுதா?"

"இல்லப்பா. அங்க ஒரு கம்பம் இருந்திச்சு. அதுல கொடி ஏத்தறது என் வேல."

"எந்தக் கட்சி?"

எந்தக் கட்சியும் இல்லை, உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுக் கொடியும் அதில் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். எந்த நாட்டுக்கு எந்தத் தேதியில் விடுமுறை என்று இப்போது பட்டனைத் தட்டினால் வந்துவிடுகிறதாம். கொடிகள் நைலானில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வருகின்றனவாம். "அப்போ எப்டி சமாளிச்சீங்கோ, எழுதிக் குடு பெருசு, படிக்கிறோம்" என்றார். கிண்டலாகத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த அளவு எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. என் சுபாவம் அப்படி.

என் பெயர் மாணிக்கம். பிறந்தது புளியந்தோப்பில். அப்பா மில் தொழிலாளி. ஓர் இடத்தில் உட்கார எனக்கு எப்போதுமே முடியாது. பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் இரண்டு தரம் எழுந்து வாசலுக்குப் போய் வருவேன். கடைசியில் அந்தக் கால்தான் எனக்குச் சோறு போட்டது. யுத்தம் முடிந்த மறுவருடம், இருபது வயதில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். ஆறு மாதம் கயிறு சுருட்டினேன். ஆறு மாதம் காய்கறிக் கூடை சுமந்தேன். பிறகு கப்பல் ஏறும் ஆளாக ஆக்கினார்கள். கப்பல் கரை கட்டியதும் மற்ற கடைக்காரன் வருவதற்கு முன் ஏணியில் ஏறி, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வர வேண்டும். எனக்கென்றே செய்த வேலை அது.

முதலாளி பெயர் சவரிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, உரக்கத் திட்டியதும் இல்லை. தப்பு செய்தவனை எதிரில் நிற்க வைத்துவிட்டு, அவன் செய்ய வேண்டிய வேலையைத் தானே குனிந்து செய்வார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

கயிறு, பெயின்ட், இறைச்சி, காய்கறியோடு கொடியும் எங்கள் சரக்கு. ஒரு கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போனாலும், மரியாதைக்கு அந்த நாட்டுக் கொடியைத் தன் கம்பத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நாட்டுக்குச் சுதந்திர தினம், ராஜா பிறந்தநாள் என்று ஏதாவது வந்தால், அந்த நாட்டுக் கப்பல் முழுக்கத் தோரணம் கட்டும். பக்கத்தில் நிற்கும் கப்பல்களும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் சேர்ந்து கட்டும். கல்யாண வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன் கோலம் போடுவது போல. இதற்கெல்லாம் கொடி தைக்க எங்கள் கடையில் ஹமீது பாய் என்று ஒரு தையல்காரர் இருந்தார். புதுப்பேட்டைக்காரர். தையல் இயந்திரத்தை மிதித்தபடியே தூங்குவார், தையல் மட்டும் கோணாது.

நாற்பத்தேழு ஆகஸ்டில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ராட்டை வைத்துத் தைத்த கொடிகள் எங்களிடம் முன்னமே தயாராக இருந்தன. கடைசி நேரத்தில், ராட்டை இல்லை, சக்கரம் என்று அறிவிப்பு வந்தது. எல்லாவற்றையும் பிரித்தோம். ஹமீது பாய் நீலத் துணியில் சக்கரம் வெட்டி, வெள்ளைப் பட்டையின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைப்பார். பிறகு கொடியைத் திருப்பிப் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் துணியைக் கத்தரித்து எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் சக்கரம் தெரியும். பதினாலாம் தேதி சாயங்காலம் கடைசி நான்கு கொடிகளை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினேன். "தம்பி, இரு, பின்னாடி வெட்டல" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. நின்று கேட்கத்தான் எனக்குக் கால் இல்லையே.

மறுநாள் காலை துறைமுகத்தில் ஒரே ஆரவாரம். கூலிக்காரர்கள் துண்டை வீசி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு கப்பல்களின் கொடியில் மட்டும், ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் வெறும் வெள்ளை. மூட்டை தூக்கும் கிழவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, இந்தக் கொடில சக்கரம் எங்க?"

"அந்தாண்டப் பக்கம் கீது தாத்தா."

"அப்போ இந்தாண்டப் பக்கம் கீறவனுக்கு சொதந்திரம் இல்லியா?"

ஹமீது பாயைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சியும் வந்தார். வெயிலில் கொதிக்கும் இரும்புத் தளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கத்தரியை எடுத்து, வெள்ளைத் துணியை அவரே வெட்ட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன். நான்கு கப்பலும் முடிய மத்தியானமாகிவிட்டது. வீட்டில் அம்மா வடை பாயசத்தோடு காத்திருந்தாள். நாடு விடுதலையான நாளில் நான் செய்தது, முதலாளி முழங்கால் தேய வேலை செய்வதைப் பார்த்தது மட்டும்தான்.

அதற்கு அடுத்த வாரம் மாடியில் கம்பம் நட்டார்கள். கூடவே ஒரு விதி: மாடி பார்க்காத கொடி கடையை விட்டுப் போகக் கூடாது. தைத்து முடித்த ஒவ்வொரு கொடியையும் நான் மாடியில் ஏற்றுவேன். அண்ணாச்சியும் ஹமீது பாயும் கடற்கரைச் சாலை முனைவரை, இரண்டு பர்லாங் நடந்து போய்த் திரும்பி நின்று பார்ப்பார்கள். கப்பல் கொடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குத்தானே. சரியாக இருந்தால் அண்ணாச்சி மடித்த குடையைத் தலைக்கு மேல் தூக்குவார். தப்பு இருந்தால் குடையை விரிப்பார். விரித்த குடையைப் பார்த்தால் நான் உடனே கொடியை இறக்க வேண்டும். இதற்காகவே அவர் வெயிலுக்கும் மழைக்கும் குடையை விரிப்பதை விட்டுவிட்டார். ஐப்பசி மழையில் மடித்த குடையோடு நனைந்துகொண்டு வருவார். ஊர் சிரித்தது. அவருக்கென்ன.

அவர் ஒரு புத்தகமும் வைத்திருந்தார். நீள நோட்டு, சிவப்பு அட்டை. எந்த நாட்டுக்கு எந்த நாள் என்று அவர் கையெழுத்தில் இருக்கும். ஜூலை நாலு என்றால் அமெரிக்காக்காரனுக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் ஒரே நாள். பர்மாவுக்கு ஜனவரி நாலு. ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்து விடிவதற்கு முன்பே சுதந்திரம் வாங்கிய நாடு அது. சிலோனுக்குப் பிப்ரவரி நாலு. நார்வேக்காரர்கள் மே மாதம் பதினேழாம் தேதி சமையலறைப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றி ஊர்வலம் போவார்கள். கிரேக்கக் கப்பல் கேப்டனுக்குப் பிறந்தநாள் முக்கியமில்லை, அவர் பேர் கொண்ட புனிதரின் நாள்தான் முக்கியம். ஸ்வீடன்காரர்கள் ஜூன் மாதத்தில் ஒருநாள் கம்பம் நட்டு, இலை தழை சுற்றி, அதைச் சுற்றி ஆடுவார்கள். ஒருமுறை அதற்கு இலை கேட்டார்கள். நான் மாவிலையும் வேப்பிலையும் ஒரு வண்டி கொண்டுபோய் இறக்கினேன். கப்பல் வாசலில் நின்ற காவலாளி, "இன்னா மாமு, கப்பலுக்கு அம்மை போட்டுக்கீதா?" என்று கேட்டான்.

இப்படி ஊரார் விடுமுறையெல்லாம் எனக்கு வேலைநாள். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

நாங்கள் பௌத்தர்கள். தாத்தா காலத்திலிருந்து. புத்தர் பிறந்த வைசாகப் பௌர்ணமி எங்கள் வீட்டில் பெரிய நாள். தெருவில் உள்ள எங்கள் சங்கக் கூடத்தில் விளக்கேற்றி, பால்சோறு கொடுத்து, பகல் முழுக்கக் கூடியிருப்பார்கள். கடையில் சேர்ந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, நாளன்னிக்கு லீவு வோணும். வைசாக பௌர்ணமி. எங்க வூட்ல விசேஷம்."

அவர் சிவப்பு நோட்டைத் திறந்து விரலை ஓட்டினார்.

"வைசாகம், இருக்கு. சிலோன்னு எழுதியிருக்கு. பர்மான்னு எழுதியிருக்கு. மாணிக்கம்னு ஒரு நாடு இல்லியேடே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அன்னைக்கு ரெண்டு சிலோன் கப்பல் நிக்கு. நீ ஏறாம யாரு ஏறுவா?" என்று நோட்டை மூடினார். பௌர்ணமியன்று காலை, எங்கள் மதத்துக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், யாரோ ஒரு சிலோன் கேப்டனிடம் கொடுத்து, அவர் கும்பிட்டு ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, தக்காளிக் கூடை எண்ணப் போனேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். மறுபடி நான் லீவு கேட்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

ஐம்பத்தைந்து பிப்ரவரியில் யுகான் வந்தார்.

பனாமா கொடி போட்ட சரக்குக் கப்பலில் தச்சு வேலை செய்கிறவர். அறுபதை நெருங்கிய வயது, நரைத்த மீசை, கதவு நிலையில் இடிக்கும் உயரம். இருபத்திரண்டாம் தேதி காலை கடைக்கு வந்து, பென்சிலால் வரைந்த ஒரு தாளை அண்ணாச்சி மேஜையில் வைத்தார். மூன்று பட்டை. மேலே நீலம், நடுவில் கறுப்பு, கீழே வெள்ளை. கப்பல்காரர்கள் பேசும் உடைந்த இங்கிலீஷில், இருபத்துநாலாம் தேதி தன் நாட்டுச் சுதந்திர தினம், ஒரு கொடி தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"எந்த நாடு?"

"எஸ்தோனியா."

அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். இல்லை. "இந்தப் பேர்ல நாடு இல்லியே" என்றார்.

"இருந்தது" என்றார் யுகான்.

தன் கரை இறங்கும் சீட்டை எடுத்துக் காட்டினார். நாடு என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. யுத்தத்தின்போது பக்கத்துப் பெரிய நாடு அவர் நாட்டை விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஊருக்குப் போகவில்லை. கொடியைக் கப்பலில் ஏற்றக் கேப்டன் விடமாட்டார், ஏற்ற வேண்டியதும் இல்லை, ஒருதரம் விரித்துப் பார்த்தால் போதும் என்றார். பதினைந்து வருடமாக எந்தத் துறைமுகத்திலும் யாரும் தைத்துத் தரவில்லையாம். கப்பல் இருபத்துநாலாம் தேதி மத்தியானம் புறப்படுகிறது.

அண்ணாச்சி முகம் இறுகிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பெரிய நாட்டுக் கப்பல் ஒன்று அப்போது எங்கள் துறைமுகத்தில்தான் நின்றது. எங்கள் கடையின் பெரிய வாடிக்கை அது. எங்கள் மாடிக் கம்பம் அவர்கள் தளத்திலிருந்து நன்றாகத் தெரியும்.

"முடியாதுன்னு சொல்லுடே" என்றார் என்னிடம். "பதினாலு வீட்டு அடுப்பு இந்தக் கடைய நம்பி எரியுது. இல்லாத நாட்டுக்குக் கொடி தச்சி இருக்கவனப் பகைச்சிக்க முடியுமா?"

யுகான் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இதெல்லாம் பழக்கம்தான் என்பது போலப் போனது எனக்குத் தாங்கவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பின்னாலேயே ஓடி, "நாளன்னிக்குக் காலைல, கப்பல் கிளம்பும் முன்னே வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் கடைச் சுவரில் பெரிய கொடிப் படம் ஒன்று இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் அச்சானது. ஒரு நாட்டுக் கொடி மாறினால் அண்ணாச்சி காகிதத்தில் புதுக் கொடி வரைந்து, வண்ணம் தீட்டி, பழையதன்மேல் ஒட்டிவிடுவார். நாடே போய்விட்டால் வெள்ளைக் காகிதத்தை ஒட்டுவார். அப்படி மூன்று வெள்ளைக் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போனதும், துணியை நனைத்து அந்தக் கட்டங்களில் முதலாவதன்மேல் வைத்து ஊறவிட்டு, நக நுனியால் உரித்தேன். நீலம், கறுப்பு, வெள்ளை. வெயில் படாததால் மற்ற எல்லாக் கொடியையும்விட நிறம் புதிதாக இருந்தது.

திரும்பினால் அண்ணாச்சி நிற்கிறார். என் கையில் ஈரத் துணி. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கிட்டே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது நான் ஒட்டினதுதான்" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் அங்கும் இங்கும் நடந்தேன். கயிற்றை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எந்தக் கொடியா இருந்தாலும் மாடி பாக்காம கடைய விட்டுப் போகக் கூடாது. ஹமீது பாய்ட்டச் சொல்லிரு. கப்பல்ல ஏத்துததும் ஏத்தாததும் அவன் பாடு. மாடியில பாக்குதது நம்ம வழக்கம்."

அவர் சொன்னது எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் ஹமீது பாயிடம் ஓடினேன்.

நீலம் இருந்தது. வெள்ளை இருந்தது. கறுப்பு இல்லை. கறுப்பு வரும் கொடிகள் குறைவு என்பதால் நாங்கள் வாங்கி வைப்பதில்லை. மறுநாள் கல்மண்டபத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை சைக்கிளில் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் கனத்த துணி, காற்றில் பறக்காது. மெல்லிய துணி வைத்திருந்த கடைக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, எந்த மந்திரி வராரு? கருப்புக் கொடி காட்டப் போறியா? அப்பால போலீஸு என்னியத்தான் புடிப்பான். போ, போ."

அப்போது ஊரில் அப்படித்தான். எந்த அமைச்சர் வந்தாலும் யாராவது கறுப்புக் கொடி காட்டுவார்கள். மூன்று கடையில் இதே கதை. வெறுங்கையோடு திரும்பி, ஹமீது பாயிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியாமல் எழுந்தேன்.

இருபத்துநாலாம் தேதி காலை நான் கடைக்குப் போனபோது, ஹமீது பாய் கொடியை முடித்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார். நடுவில் கறுப்புப் பட்டை. முக்கோண முக்கோணமான துண்டுகளைத் தலைமாற்றிச் சேர்த்துத் தைத்த பட்டை.

"எங்க பாய் கெடச்சிது?"

"அரே, நீதானே மிஷின் மேல வெச்சிட்டுப் போனே?"

நான் வைக்கவில்லை. அவரும் வாங்கவில்லை. யோசிக்க நேரமில்லை, யுகான் வாசலில் வந்து நின்றுவிட்டார். முகச்சவரம் செய்து, அந்த வெயிலிலும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். மாடிக்குக் கூட்டிப்போனேன். அண்ணாச்சி வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு ஹமீது பாயோடு சாலை முனைக்கு நடந்தார்.

கயிற்றை யுகான் கையில் கொடுத்தேன். அவர் இழுத்தார். கடல்காற்று நன்றாக இருந்தது. கொடி உச்சிக்குப் போய் ஒரு தட்டு தட்டி விரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று, மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் நானும் நேராக நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது அன்றுதான்.

தூரத்தில் மடித்த குடை உயர்ந்தது. சரி என்று அர்த்தம். மற்ற நாளாக இருந்தால் அதைப் பார்த்ததும் கொடியை இறக்கிவிடுவோம். நான் பார்க்காதது போல நின்றேன். அண்ணாச்சியும் குடையை இறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு சிவப்புத் தொப்பி சைக்கிளில் வந்து அவர் பக்கத்தில் இறங்கியது. போலீஸ் ஏட்டு. கையை நீட்டி மாடியைக் காட்டுகிறார், கத்துகிறார். அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பினார். குடையைக் கீழே கொண்டுவந்து, விரித்தார்.

விரித்த குடையில் வானம் தெரிந்தது. கம்பிகள் மட்டும்தான் இருந்தன. துணி இல்லை.

கறுப்புப் பட்டையின் முக்கோணங்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போது புரிந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, "இறக்கவா?" என்று கேட்டார் யுகான். விரித்த குடை என்றால் இறக்கு என்பது விதி. துணி இல்லாத குடை விரித்த குடை ஆகுமா? ஆகாது என்று நானே தீர்மானித்தேன்.

"பாடுங்க" என்றேன்.

கீழே நடந்ததை ஹமீது பாய் பிறகு சொன்னார். சொல்லும்போதெல்லாம் ஏட்டின் குரலிலேயே சொல்வார்.

"யோவ், இன்னாயா இது? எந்த மந்திரிக்குக் கருப்புக் கொடி ஏத்திகினு கீறீங்கோ?"

"கருப்புக் கொடி இல்ல. மேல நீலம் இருக்கு, கீழ வெள்ள இருக்கு, நல்லாப் பாரும்."

"எந்த நாடு?"

"எஸ்தோனியா."

"அப்டி ஒரு நாடு கீதா?"

அண்ணாச்சி மாடியை நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு, "இருக்கு" என்றாராம்.

"கீதோ இல்லியோ, எறக்கச் சொல்லு."

"கொடைய விரிச்சாத்தான் எறக்குவாங்க. அதான் அடையாளம்."

"அப்போ விரியா!"

விரித்தார். ஏட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாராம். "இன்னாயா, கொடைல துணியே காணோம்?"

"அதான் மேல பறக்குது" என்றாராம் அண்ணாச்சி.

ஏட்டு கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றிருக்கிறார். அதற்குள் பாட்டு முடிந்தது. யுகான் தானே கொடியை இறக்கினார். ஏட்டும் போய்விட்டார்.

கடையில் வந்து கொடியை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்ட யுகான், அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் என்னிடம் திரும்பி, "உன் நாள் எது?" என்று கேட்டார். ஆகஸ்ட் பதினைந்து என்றேன். "அது உன் நாட்டின் நாள். உன் நாள்?" என்றார். வைசாகப் பௌர்ணமி என்றேன். அண்ணாச்சி மேஜையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். மத்தியானம் பனாமா கப்பல் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெரிய நாட்டுக் கப்பலிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அண்ணாச்சியோடு ஐந்து நிமிடம் பேசினார். அடுத்த வாரத்திலிருந்து அவர்களுக்குச் சாமான் வேறு கடையிலிருந்து போயிற்று. என்னால்தான் இது என்று நான் போய் நின்றேன். "மாடி பாக்குதது நம்ம வழக்கம்டே" என்று மட்டும் சொல்லி, பெயின்ட் டப்பாக்களைத் தானே அடுக்க ஆரம்பித்தார். அந்த வருடம் எங்கள் எல்லாருக்கும் கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் யாரையும் அவர் அனுப்பவில்லை. குடைக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டார்.

வெகுகாலம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்த நாடு திரும்பக் கிடைத்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். யுகான் அதைப் பார்த்திருக்க மாட்டார், அத்தனை வயது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ராயபுரம் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

ஐம்பத்தைந்து மே மாதம், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், எத்தனை கொடி எடுத்துப்போக வேண்டும் என்று பார்க்கச் சிவப்பு நோட்டைத் திறந்தேன். பிப்ரவரிப் பக்கத்தில் புது மையில் ஒரு வரி தெரிந்தது: "24. எஸ்தோனியா. மாடி மட்டும்." வைசாகத்துக்குப் புரட்டினேன். பழைய எழுத்தில் சிலோன், பர்மா. அதன் கீழே, அதே கையெழுத்தில், புது மையில்: மாணிக்கம்.

நான் நோட்டை மூடிவிட்டுக் கயிற்றுக் கிடங்குக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பௌர்ணமியன்று காலை மனைவியோடு சங்கக் கூடத்துக்குப் போனேன். விளக்கேற்றினோம். பால்சோறு சாப்பிட்டோம். பத்து மணிக்கு மேல் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இதோ வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துத் துறைமுகத்துக்கு மிதித்துவிட்டேன். சிலோன் கப்பல் தோரணம் கட்டி நின்றது. அதன் ஏணியில் பாதி தூரத்தில், எங்கள் மதத்துக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் கைப்பிடிக் கயிறுமாக, அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்த உடம்போடு அவர் கப்பல் ஏறி நான் பார்த்தது நாற்பத்தேழுக்குப் பிறகு அன்றுதான்.

ஓடிப்போய்க் கொடியை வாங்கலாம் என்று சைக்கிளை விட்டு இறங்கினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏணியில் ஒரு படியில் முதுகைச் சாய்த்து, கைப்பிடியை விட்டுவிட்டு, எனக்குத் தெரியும்படி குடையை முழுசாக விரித்தார். புதுத் துணி, கன்னங்கரேலென்று.

இந்த முறை வானம் தெரியவில்லை; விதிப்படி விரித்த குடைதான். நான் சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கு மிதித்தேன்.